பெட்டியொன்று போதுமா?

ஏடு காத்தல் என்பது எம்மவர்க்குப் புதிய கடமையன்று. ஓலைச் சுவடியைப் புகையிட்டும் மஞ்சள் பூசியும் காத்தவர்கள் எம் முன்னோர். காணி உறுதியைத் தகரப் பெட்டியில் இட்டு, பெட்டியைப் பூட்டி, திறப்பை மடியிற் செருகிக்கொண்டவர்கள் எம் பாட்டிமார். ஆயின் இன்று ஏட்டின் உருவம் மாறிவிட்டது. காணி உறுதியின் படம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியரின் நோயாளர் குறிப்பு, சட்டத்தரணியின் வழக்குக் கோவை, கமக்காரரின் வரவுசெலவுக் கணக்கு, கடல் கடந்து வாழும் மகன் அனுப்பிய பேரக்குழந்தையின் படம், மறைந்துபோன தாயின் குரல் ஆகிய யாவும் உள்ளங்கையளவு தட்டொன்றிலே அடங்கிக் கிடக்கின்றன. அத்தட்டு ஒருநாள் சுழல மறுத்தால் அவை அனைத்தும் அந்த நொடியிலேயே மறைந்துபோகும். தகரப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். தட்டின் துரு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வச்சத்தை அறிந்த வணிகர் ஒரு மருந்து விற்கின்றனர். வீட்டு வலையமைப்பில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி அது. நாஸ் என்பது அதன் பெயர். அதனுள்ளே இரண்டு, நான்கு என்று வன்தட்டுகளைச் செருகி, றெயிட் என்னும் முறையினால் அவற்றைப் பிணைத்துவிட்டால், "ஒரு தட்டுப் போனாலும் கவலையில்லை" என்று கூறுகின்றனர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு. முழுப் பொய்யை நம்பிக் கெட்டவரினும் பாதி உண்மையை நம்பிக் கெட்டவரே உலகில் அதிகம். ஆகவே இப்பெட்டியை வாங்க எண்ணும் ஒவ்வொருவரும் மறுபாதியையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

றெயிட் எதற்காகப் பிறந்தது?

1988ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து வேலைவாங்கலாம் என்பதே அவர்களின் வாதம். தட்டுகள் பலவானால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுபடும் வாய்ப்பும் பெருகும் அன்றோ? அப்படி ஒன்று பழுதுபட்டாலும் வேலை நின்றுவிடாதிருக்க வழிவகைகளையும் அவர்கள் வகுத்தனர். றெயிட் என்ற பெயர் அங்கே பிறந்தது.

இங்கே வாசகர் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. வேலை நில்லாதிருத்தல் வேறு. ஏடு அழியாதிருத்தல் வேறு. நீர் இறைக்கும் இயந்திரம் இரண்டு இருந்தால் ஒன்று பழுதான நாளிலும் தோட்டத்துக்கு நீர் பாயும். ஆனால் கிணற்றிலே நஞ்சு கலந்துவிட்டால் இரண்டு இயந்திரங்களும் நஞ்சையே இறைக்கும். றெயிட் என்பது இரண்டாவது இயந்திரமே தவிர, இரண்டாவது கிணறு அன்று.

வகைகளும் அவற்றின் குணங்களும்

றெயிட் 0 என்னும் முறை ஒவ்வொரு கோப்பையும் துண்டுதுண்டாக்கித் தட்டுகள் எல்லாவற்றிலும் பரப்பிவைக்கிறது. வேகம் உண்டு, காப்பு எள்ளளவும் இல்லை. ஒரு தட்டுப் போனால் அனைத்தும் போயிற்று. இதனை வீட்டுக்குள் கொண்டுவருதல் தகாது.

றெயிட் 1 என்பது கண்ணாடி முறை. ஒரு தட்டில் எழுதியது அப்படியே மற்றத் தட்டிலும் எழுதப்படும். நான்கு ரெராபைற் தட்டுகள் இரண்டு வாங்கினால் நான்கு ரெராபைற் இடமே கிடைக்கும். பாதிப் பணம் வீணாயிற்றே என்பர் சிலர். வீணன்று, அதன் பயனைப் பின்னர் காட்டுவோம்.

றெயிட் 5 என்பது கணக்கு முறை. 7, 5, 9 என்னும் எண்கள் மூன்று தட்டுகளில் இருக்க, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 21 நான்காம் தட்டில் இருப்பதாகக் கொள்வோம். 5 அழிந்துவிட்டால் 21இல் இருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து அதனைத் திரும்பப் பெறலாம். இயந்திரம் செய்வது கூட்டலன்று, அதனையொத்த வேறொரு கணக்கு, தத்துவம் ஒன்றே. கூட்டுத்தொகையையும் ஒரே தட்டில் வையாது எல்லாத் தட்டுகளிலும் மாறிமாறி வைக்கும். நான்கு ரெராபைற் தட்டுகள் நான்கில் 12 ரெராபைற் இடம் கிடைக்கும். மலிவுதான். ஆனால் எண்களுள் இரண்டு அழிந்துவிட்டால் எந்தக் கணக்கனாலும் விடை காண முடியாது.

றெயிட் 6 இரட்டைக் கணக்கு வைப்பது; எந்த இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும். றெயிட் 10 கண்ணாடிச் சோடிகளைப் பிணைப்பது. ஒரு தட்டுப் போனால் நிச்சயமாகத் தாங்கும், இரண்டு போனால் அவை வெவ்வேறு சோடியைச் சேர்ந்தனவாயின் மாத்திரமே தாங்கும். நான்கு தட்டுகளில் இவ்விரண்டும் தருவது 8 ரெராபைற்.

மலிவின் விலை

நான்கு தட்டுப் பெட்டியும் றெயிட் 5 முறையுமே கணக்குக்குச் சிக்கனமானவை என்று விற்பனையாளர் கூறுவர். ஒரு தட்டு இறந்த நாளை எண்ணிப் பார்க்கும்படி நாம் கேட்கிறோம். புதிய தட்டைச் செருகியதும் பெட்டி மற்ற மூன்று தட்டுகளையும் முதலிலிருந்து முடிவு வரை வாசித்து, இழந்ததைக் கணக்கிட்டு எழுதவேண்டும். நொடிக்கு 150 மெகாபைற் என்ற நல்ல வேகத்திலும் நான்கு ரெராபைற் தட்டொன்றை எழுதி முடிக்க ஏழரை மணித்தியாலம் செல்லும். பெட்டியை இடையிலே பயன்படுத்தினால் அது மேலும் நீளும். அத்தனை நேரமும் ஓய்வின்றி உழைக்கும் தட்டுகள் எவை? இறந்த தட்டோடு ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே மின்னோட்டத்தில் மூப்படைந்த அதன் உடன்பிறப்புகளே.

மேலும் ஒன்று. சாதாரண வன்தட்டுகள் பலவற்றுக்கு, ஒரு கோடி கோடி பிற்றுகளை வாசிக்கும்போது வாசிக்கமுடியாத பகுதி ஒன்றுக்குமேல் வராது என்பதே உற்பத்தியாளர் தரும் உறுதி. ஒரு கோடி கோடி பிற்று என்பது பன்னிரண்டரை ரெராபைற். நமது உதாரணத்தில் மூன்று தட்டுகளிலிருந்து வாசிக்கவேண்டியது 12 ரெராபைற். உண்மையில் தட்டுகள் இவ்வுறுதியினும் நன்றாகவே உழைப்பதுண்டு. இதனிலும் பத்து மடங்கு உறுதி தரும் தட்டுகளும் விற்கப்படுகின்றன. ஆயினும் எல்லைக்கோட்டின் ஓரத்திலே நடக்கிறோம் என்பதை அறிந்து நடத்தல் வேண்டும்.

தட்டின் வகையும் பார்த்து வாங்கவேண்டிய ஒன்றே. ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறிநிற்கும்படி எழுதும் தட்டுகள் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனால் இடையில் ஒன்றை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் கலைத்து எழுதவேண்டும். மீளக் கட்டும் வேலையில் இவை மிகவும் தாமதிக்கும். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற சிவப்புச் சிட்டைத் தட்டுகள் சிலவற்றிலும் இம்முறை இருந்தமை 2020 ஏப்பிரலில் வெளிப்பட்டுப் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சி.எம்.ஆர். முறைத் தட்டா, எஸ்.எம்.ஆர். முறைத் தட்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முன்னையதையே வாங்குங்கள்.

மீட்கும் வழியை முதலிற் பாருங்கள்

பெட்டி வாங்குவோர் எத்தனை ரெராபைற், எத்தனை வேகம் என்றே கேட்கின்றனர். "இது உடைந்த நாளில் என் ஏடுகளை எவ்வழியால் எடுப்பேன்?" என்று கேட்பவர் அரியர். இக்கேள்வியே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

அப்படிக் கேட்டால் றெயிட் 1இன் பெருமை விளங்கும். கண்ணாடிச் சோடியில் ஒவ்வொரு தட்டும் முழுமையானது. பெட்டியே எரிந்துபோயினும் தப்பிய தட்டு ஒன்றைக் கழற்றி வேறொரு கணனியில் மாட்டி ஏடுகளை எடுக்க வழியுண்டு. றெயிட் 5இன் தட்டொன்றைத் தனியே எடுத்தால் அதில் இருப்பவை துண்டுகளே. எந்தத் தட்டு எந்த வரிசையில் இருந்தது, எத்துணை அளவான துண்டுகள், கணக்கு எங்கே வைக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் கண்டறிந்த பின்னரே கோப்பு உருப்பெறும். அவ்வேலையைச் செய்யும் நிபுணர் உள்ளனர். ஆனால் தட்டு ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, வெற்றிக்கோ உத்தரவாதம் இல்லை.

பெட்டியின் மூளை எம்மொழி பேசுகிறது என்பதும் கேட்கவேண்டியதே. லினக்ஸின் பொதுவான றெயிட் முறையில் எழுதப்பட்ட தட்டுகளை லினக்ஸ் இயங்கும் எந்தச் சாதாரணக் கணனியிலும் பொருத்தி வாசிக்க முயலலாம். சினோலொஜி நிறுவனம் தன் பெட்டி பழுதானால் தட்டுகளை உபுண்டு கணனியில் மாட்டி வாசிக்கும் வழியைத் தானே வெளியிட்டுள்ளது. இதற்கு மாறாக, தனக்கென்றே ஒரு மறைமொழியில் எழுதும் றெயிட் அட்டைகளும் பெட்டிகளும் உண்டு. அவற்றை வாங்கினால், அது பழுதான நாளில் அதேயினத்து அட்டையைத் தேடிக் கடைகடையாய் அலைய நேரும். ஐந்தாண்டு கழித்து அவ்வினம் சந்தையில் இருக்குமோ?

தட்டுகளைப் பூட்டிவைக்கும் மறைகுறியாக்கம் கள்வரிடமிருந்து காக்கும். ஆனால் அதன் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைப்பவர், வீட்டுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவராவார். அதனைக் காகிதத்தில் எழுதி உறுதிகளோடு வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். ஏட்டுக்குரியவர் இறந்தால் ஏடும் இறத்தல் தகுமா?

கண்ணாடி காக்காதவை

எத்துணைச் சிறந்த றெயிட் முறையாயினும் காக்கமுடியாதவை பல. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் கண்ணாடித் தட்டிலும் அந்த நொடியே அழியும். இடி விழுந்தால் எல்லாத் தட்டுகளுக்கும் ஒருங்கே விழும். கள்வன் பெட்டியைத் தூக்கினால் நான்கு தட்டுகளையும் தூக்கிச் செல்வான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்த வீடுகளில் எந்தப் பெட்டி தப்பியிருக்கும்?

1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தார் "டோய் ஸ்ரோறி 2" படத்தைத் தயாரிக்கையில், தவறான கட்டளையொன்றினால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. பிரதியை நாடியபோது அது செவ்வனே இயங்கியிராமை தெரிந்தது. மகப்பேற்றின் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய கலின் சுஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணனியில் இருந்த பிரதியே படத்தைக் காத்தது. வேறோர் இடத்தில், வேறொரு பெட்டியில் இருந்த பிரதி அது என்பதை நோக்குக.

கப்பம் கோரும் நச்சுநிரல்கள் இக்காலத்துக் கொள்ளைக்கூட்டம். 2022 ஜனவரியில் டெட்போல்ற் என்னும் நச்சுநிரல் இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்த கியூநாப் பெட்டிகளினுள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. உலகெங்கும் வீட்டுக்காரரும் சிறு வணிகரும் அழுதனர். றெயிட் என்ன செய்தது? பூட்டப்பட்ட கோப்புகளை மிக நேர்மையாக இரண்டு தட்டுகளிலும் எழுதியது.

வீட்டுக்காரரை மாத்திரம் குறைகூறுவது நீதியாகாது. எமது நாட்டு அரசாங்கத்தின் முகில் சேவையே 2023 ஓகஸ்ட் 26ஆம் நாள் இத்தகைய நச்சுநிரலுக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17ஆம் நாள் முதல் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட மடல்களுக்குத் தனித்து வைத்த பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. தென்கொரியாவிலே 2025 செப்ரெம்பர் 26ஆம் நாள் டேஜோன் நகரின் அரச தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரச ஊழியரின் சேமிப்பாகிய 858 ரெராபைற் வெளிப்பிரதியின்றி அழிந்தது. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் அரசுக்கே இக்கதி. செல்வமோ அறிவோ அங்கே குறைவன்று; வேறோர் இடத்தில் ஒரு பிரதி இல்லை என்பதொன்றே குறை.

எம்மவர்க்கு இப்பாடத்தைப் பிறர் வந்து கற்பிக்கவேண்டியதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களுள் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. ஓரிடத்தில் மாத்திரமே இருந்த சுவடியை எவர் மீட்டார்? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளைப் பிரதிசெய்து உலகெங்கும் திறந்து வைத்திருப்பது இவ்வுணர்வின் பயனேயாகும். சமூகம் கற்ற பாடத்தை வீடுகளும் கற்கவேண்டாமா?

எமது முடிபு

ஆகவே பணத்தை எவ்வரிசையிற் செலவிடுவது என்பதை வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம்.

பணம் குறைவாக உள்ள குடும்பம் நாஸ் பெட்டியை வாங்கவே வேண்டாம். யூ.எஸ்.பி. வன்தட்டுகள் இரண்டை வாங்குக. கணனியில் உள்ளதை இரண்டிலும் பிரதிசெய்க. ஒன்றை வீட்டில் வைக்க. மற்றையதை வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் வைக்க. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வவுனியாவிலோ கொழும்பிலோ ஓர் உடன்பிறப்பு இல்லாமற் போகாது. இவ்விரு தட்டுகளும், பிரதியற்ற நான்கு தட்டுப் பெட்டியினும் நூறு மடங்கு காப்புத் தருவன.

வேலை ஒரு நாளும் நிற்கக்கூடாத வைத்தியரும் நொத்தாரிசும் கணக்காளரும் இரண்டு தட்டு நாஸ் பெட்டியை றெயிட் 1 முறையில் அமைக்கலாம். தட்டுகளை வெவ்வேறு கடைகளில் வாங்குவது நன்று. மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். கருவி இன்றியமையாதது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்த நாடு இது. எழுதும் வேளையில் மின் அறுந்தால் கணக்கும் கோப்பும் ஒவ்வாமற் போகும் ஆபத்து உண்டு. பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்துவிடாதீர். பழைய நிலையைக் காட்டும் ஸ்னாப்ஷொட் வசதி இருந்தால் அதனை இயக்குக. கைதவறி அழித்ததை அது மீட்டுத் தரும். ஆனால் அதுவும் அப்பெட்டிக்குள்ளேயே வாழ்வது என்பதை மறவற்க. இவையெல்லாம் செய்தபின்னரும் வெளித்தட்டுப் பிரதிகள் இரண்டும் வேண்டும்.

படப்பிடிப்பாளர் போன்று பெருந்தொகை ஏடு வைத்திருப்போர்க்கே நான்கு தட்டுப் பெட்டி தகும். அவர்களும் றெயிட் 5ஐ விடுத்து றெயிட் 6ஐயோ 10ஐயோ கொள்வார்களாக.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேற்றிடத்தில் என்ற விதி பீற்றர் குரோக் என்னும் படப்பிடிப்பாளரால் உலகறியச் செய்யப்பட்டது. எமது கமக்காரர் இதனை எவரிடமும் கற்கவில்லை. விதைநெல்லை விளைநெல்லோடு ஒரே மூட்டையில் வைக்கும் கமக்காரர் உண்டோ? வெள்ளம் வந்தால் அண்டை ஊர் உறவினரிடம் விதை வாங்கலாம் என்ற உறுதி அவர்க்கு உண்டன்றோ? அவ்விதியே இவ்விதி.

பழுதான நாளில்

தட்டு கடகடவென்று ஒலித்தால் உடனே மின்னை நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். தட்டுகளைக் கழற்றுமுன் எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மீதும் எழுதுக. "புதிதாக அமைக்கவா?" என்று பெட்டி கேட்டால் ஒருபோதும் "ஆம்" என்னாதீர். வலிந்து மீளக் கட்ட முயலாதீர். பிரதி இருந்தால் அமைதியாகப் புதிய தட்டை வாங்கிப் பிரதியை ஏற்றுக. பிரதி இல்லையேல், தட்டுகள் ஒவ்வொன்றையும் முழுமையாகப் படியெடுத்து அப்படியின்மீதே மீட்பு வேலை செய்யும் நிபுணரை நாடுக. மூலத்தின்மீதே கைவைப்பவரிடம் கொடாதீர்.

"முகிலில் ஏற்றிவிட்டோம், இனி என்ன?" என்பாரும் உளர். முகில் நல்லதோர் வேற்றிடப் பிரதியே. ஆயின் சந்தாப் பணம் தவறினாலோ கடவுச்சொல் களவுபோனாலோ கதவு சாத்தப்படும். கணனியில் அழித்ததை முகிலிலும் அழிக்கும் ஒத்திசைவைப் பிரதி என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். முகில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் அதுவே ஆதல் கூடாது.

இறுதியாக ஒன்று. பிரதி எடுத்தவர் அதனைத் திறந்து பார்த்தாரா என்பதே கேள்வி. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிற்லாப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்கள் நம்பியிருந்த ஐந்து பிரதி முறைகளும் செவ்வனே கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலம் முன்னர் எடுத்த படியொன்றே அவர்களைக் காத்தது. திறந்து பாராத பிரதி, முளைக்குமோ என்று பாராத விதைக்கு ஒப்பாகும். கமக்காரர் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்து முளை பார்த்த பின்னரே விதைப்பார். அதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதித் தட்டிலிருந்து நான்கு கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள்.

காணியும் வீடும் பலமுறை இழந்த மக்கள் நாம். இழந்த காணிக்கு உரிமை கேட்பதற்கும் உறுதி வேண்டும். இறந்தவரை நினைப்பதற்கும் படம் வேண்டும். அவற்றை ஒரு பெட்டியின் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்குதல் அறிவுடைமையாகாது. இம்மாதச் சம்பளத்திலோ இப்போக விளைச்சலிலோ ஒரு பங்கை ஒதுக்கி, இரண்டாவது தட்டை வாங்குங்கள். வாங்கியதை வேற்றூருக்கு அனுப்புங்கள். வெள்ளம் வருமுன்னரே அணை கோலப்படல் வேண்டும்.